குற்றவியலா, சட்டமா, தடய அறிவியலா: நீதித் துறைப் பணிகளை நோக்கிப் படிப்பவர்களுக்கான ஓர் ஒப்பீடு

காவல் நிலையம், நீதிமன்றம், சிறை, தடய அறிவியல் ஆய்வகம், சிறார் இல்லம் ஆகியவற்றுள் ஏதேனும் ஓரிடத்தில் பணியாற்ற வேண்டும் என்ற விருப்பத்தோடு பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் மாணவர் முன்னால் இன்று தமிழ்நாட்டில் நான்கு வழிகள் இருக்கின்றன. குற்றவியலும் குற்றவியல் நீதி நிர்வாகமும் சார்ந்த பட்டம் முதலாவது. ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு இரண்டாவது. அறிவியல் பட்டத்தின் வழியாகத் தடய அறிவியலுக்குச் செல்வது மூன்றாவது. சமூகப் பணி படித்துச் சீர்திருத்தத் துறைக்குள் நுழைவது நான்காவது. கல்லூரி விளம்பரங்கள் இவை அனைத்தும் ஒரே இடத்துக்குக் கொண்டு சேர்ப்பவை போல எழுதுகின்றன. ஆனால் பணி நியமன விதிகளை எடுத்துப் படித்தால், ஒவ்வொரு பணியும் தனக்கென ஒரு தகுதியை வைத்திருப்பதும், அத்தகுதிகளுள் குற்றவியல் பட்டம் என்ற பெயர் மிக அரிதாகவே இடம்பெறுவதும் தெரியவரும். எனவே பாடத்தின் ஈர்ப்பை மட்டும் வைத்து முடிவெடுக்காமல், விரும்பும் பணியிலிருந்து பின்னோக்கி வந்து பட்டத்தைத் தேர்ந்தெடுப்பதே சரி என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

குற்றவியலிலிருந்தே தொடங்கலாம், ஏனெனில் குழப்பம் அதிகம் இருப்பது அங்கேதான். குற்றம் ஏன் நிகழ்கிறது, எத்தகைய சூழலில் பெருகுகிறது, தண்டனை என்ன விளைவைத் தருகிறது, பாதிக்கப்பட்டவருக்கு நீதி அமைப்பு எதைச் செய்கிறது, சிறை எவ்வாறு நிர்வகிக்கப்படுகிறது என்பன போன்ற கேள்விகளைச் சமூகவியல், உளவியல், புள்ளியியல், சட்டம் ஆகியவற்றின் துணையோடு ஆராயும் துறை இது. இந்தியாவில் சாகர் பல்கலைக்கழகம் 1959இல் குற்றவியலுக்கும் தடய அறிவியலுக்கும் சேர்த்து ஒரு துறையைத் தொடங்கியது. அதன் பிறகு இத்துறை வேரூன்றிய இடங்களுள் தமிழ்நாட்டுக்குத் தனி மதிப்பு உண்டு. 1970இல் உருவான இந்தியக் குற்றவியல் கழகமும், 1992இல் உருவான இந்தியப் பாதிக்கப்பட்டோரியல் கழகமும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறையை மையமாகக் கொண்டு வளர்ந்தவை. குற்றத்தால் பாதிக்கப்பட்டோரைப் பற்றி ஆராயும் பாதிக்கப்பட்டோரியலை இந்தியாவில் நிலைநிறுத்தியவர்களுள் முதன்மையானவரான கு. சொக்கலிங்கம் அத்துறையில் பணியாற்றிப் பின்னர் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். அதே திருநெல்வேலியில் ஆசிரியராக இருந்த க. ஜெய்சங்கர் இணையக் குற்றவியலைத் தனிப் புலமாக முன்வைத்து 2007இல் அதற்கென ஒரு பன்னாட்டு ஆய்விதழைத் தொடங்கினார். படிப்பின் தரத்தையோ அறிவுப் பெறுமதியையோ ஐயுறுவதற்கு இடமில்லை என்பதற்காகவே இவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேள்வி வேலைவாய்ப்பில்தான் எழுகிறது. காவல் துறையில் நேரடி உதவி ஆய்வாளர் பணிக்குத் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் கேட்பது ஏதேனும் ஒரு பட்டம் மட்டுமே. தமிழ் இலக்கியம் படித்தவரும் இயந்திரவியல் படித்தவரும் குற்றவியல் படித்தவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். எழுத்துத் தேர்வில் பொது அறிவும் தருக்க அறிவும் உளவியலும் கேட்கப்படுகின்றன. அதைத் தொடர்ந்து உடல் அளவீடு, உடல் திறன், நேர்காணல் ஆகியவை வருகின்றன. தேசிய மாணவர் படை, நாட்டு நலப்பணித் திட்டம், விளையாட்டு ஆகியவற்றின் சான்றிதழ்களுக்குச் சிறப்பு மதிப்பெண்கள் உண்டு. ஆகவே உதவி ஆய்வாளராவதே குறிக்கோள் என்றால், மூன்றாண்டு எந்தப் பட்டம் படித்தாலும் கல்லூரியில் முதல் வாரமே தேசிய மாணவர் படையில் சேர்வது பயன்தரும். பொதுப் பிரிவு, பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் ஆகியோரில் ஆண்களுக்கு 170 சென்டிமீட்டர், பெண்களுக்கு 159 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் அது 167, 157 எனக் குறைகிறது. இந்த அளவை எட்டாத ஒருவர் சீருடைப் பணியை மனத்தில் வைத்துக் குற்றவியலில் சேர்ந்து, மூன்றாண்டு கழித்து அதை அறிந்துகொள்வது வருந்தத்தக்க வீண் செலவு. தேர்ச்சி பெற்றவர்களுக்கு வண்டலூர் அருகே ஊனமாஞ்சேரியில் உள்ள காவல் உயர் பயிற்சியகத்தில் சட்டமும் புலனாய்வு முறையும் முதலிலிருந்தே கற்பிக்கப்படுவதால், முன்பே படித்தவருக்கு அங்கே கிடைப்பது சற்று எளிதான தொடக்கம், அவ்வளவுதான்.

இந்தியக் காவல் பணிக்குச் செல்ல விரும்புவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் குடிமைப் பணித் தேர்வுக்கும் ஏதேனும் ஒரு பட்டம் போதும். ஆனால் முதன்மைத் தேர்வின் விருப்பப் பாடப் பட்டியலில் சமூகவியல், உளவியல், சட்டம், பொது நிர்வாகம் ஆகியவை உள்ளன, குற்றவியல் இல்லை. மூன்றாண்டோ ஐந்தாண்டோ ஊன்றிப் படித்த பாடத்தை அப்படியே விருப்பப் பாடமாக எழுதும் வாய்ப்பு சமூகவியல் மாணவருக்கு உண்டு. குற்றவியல் மாணவர் புதிதாக வேறொரு பாடத்தைப் படித்தாக வேண்டும். சிறைத் துறையின் உதவிச் சிறை அலுவலர் பணியும் ஏதேனும் ஒரு பட்டம் பெற்றவர்களுக்கான போட்டியாகவே இருக்கிறது. நன்னடத்தை அலுவலர் பணியிடங்கள் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 2 தேர்வின் பட்டியலில் வருபவை. அத்தேர்வை எல்லாத் துறைப் பட்டதாரிகளும் இலட்சக் கணக்கில் எழுதுகிறார்கள்.

மிகவும் வியப்பளிப்பது இளைஞர் நீதித் துறைதான். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி ஒவ்வோர் இளைஞர் நீதிக் குழுமத்திலும் ஒரு நடுவரோடு இரண்டு சமூகப் பணியாளர்கள் உறுப்பினராக இருக்கிறார்கள். அந்தச் சமூகப் பணியாளர் குழந்தைகளின் உடல்நலம், கல்வி, நலன் ஆகியவற்றில் ஏழாண்டு ஈடுபட்டவராகவோ, குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் ஆகியவற்றில் பட்டம் பெற்றுத் தொழில் புரிபவராகவோ இருக்க வேண்டும் என்கிறது சட்டம். சட்டத்துக்கு முரண்படும் சிறாரைப் பற்றி முழுத்தாளாகவே படிக்கும் குற்றவியல் பட்டதாரி அந்தப் பட்டியலில் பெயரளவிலும் இல்லை. இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். ஆனால் பதினேழு வயதில் முடிவெடுக்கும் ஒருவர் இருக்கிற விதியை வைத்துத்தான் முடிவெடுக்க முடியும்.

இதே பட்டம் உண்மையாகவே முன்னுரிமை பெறும் இடங்களும் உள்ளன. பல்கலைக்கழக மானியக் குழுவின் தேசியத் தகுதித் தேர்வில் குற்றவியல் தனிப் பாடம். அதில் தேர்ச்சி பெற்றால் உதவிப் பேராசிரியர் தகுதியும், மதிப்பெண் உயர்ந்தால் ஆய்வு உதவித்தொகையும் கிடைக்கும். துறைகள் எண்ணிக்கையில் சிலவே என்பதால் ஆசிரியப் பணியிடங்கள் குறைவு. ஆனால் போட்டியிடுவோரும் வணிகவியலிலோ ஆங்கிலத்திலோ இருப்பதைப் போல் திரள்வதில்லை. காந்திநகர் அருகே லவாடில் அமைந்து, 2020இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக உயர்த்தப்பட்ட ராஷ்டிரீய ரக்ஷா பல்கலைக்கழகமும் இத்துறைக்கு இடம் தருகிறது. அதன் வளாகம் புதுச்சேரியிலும் இருக்கிறது. வேலூரில் 1979 முதல் இயங்கும் சிறை மற்றும் சீர்திருத்த நிர்வாகப் பயிற்சியகம் போன்ற அமைப்புகளில் பயிற்றுநராகவும் ஆய்வாளராகவும் செல்வோருக்கும் இப்படிப்பு நேரடியாகப் பயன்படுகிறது.

தனியார் துறையைப் பற்றிக் கையேடுகளில் மிகையாகவும் வீடுகளில் குறைவாகவும் பேசப்படுகிறது. வங்கிகளின் மோசடிக் கண்காணிப்புப் பிரிவு, கறுப்புப் பணத் தடுப்புச் சோதனை, காப்பீட்டுக் கோரிக்கைகளின் உண்மைத்தன்மையை விசாரிப்பது, இணைய வணிக நிறுவனங்களின் பாதுகாப்புப் பிரிவு, பணியாளர் பின்னணிச் சரிபார்ப்பு ஆகியவை சென்னையிலும் பெங்களூருவிலும் உள்ள பின்புல அலுவலகங்களில் ஆயிரக் கணக்கானவர்களை வேலைக்கு அமர்த்துகின்றன. அங்கே குற்றவியல் மாணவரின் பயிற்சி, குறிப்பாக ஒரு மோசடியின் அமைப்பைப் படிக்கும் பழக்கம், உண்மையில் கைகொடுக்கிறது. ஆனால் நுழைவு நிலையில் அதே மேசைக்கு வணிகவியல் பட்டதாரியும் வருகிறார், கணக்குப் பதிவேட்டைப் படிக்கத் தெரிந்தவர் என்பதால் சில வேளைகளில் அவரே முந்துகிறார். குற்றவியலோடு கணக்கியலின் அடிப்படையையும் தரவுப் பகுப்பாய்வையும் சேர்த்துப் படித்தவருக்கு இந்தத் தடை இல்லை.

இனிச் சட்டம். கால அளவை வைத்துப் பார்த்தால் ஒப்பீடு சட்டென்று தெளிவாகும். குற்றவியலில் இளநிலை மூன்றாண்டு, முதுநிலை இரண்டாண்டு, ஆக ஐந்தாண்டு. ஒருங்கிணைந்த சட்டப் படிப்பும் ஐந்தாண்டுதான். முதலாமவர் ஐந்தாண்டு முடிவில் முதுகலைப் பட்டத்தோடு மீண்டும் ஒரு போட்டித் தேர்வின் வாசலில் நிற்கிறார். இரண்டாமவர் வழக்கறிஞர் மன்றத்தில் பதிவு செய்து, அகில இந்திய வழக்கறிஞர் தேர்வில் தேறி, குற்றவியல் வழக்குகளை நடத்தும் உரிமையையே பெற்றுவிடுகிறார். குற்றவியல் மாணவர் எழுதும் பொதுத் தேர்வுகள் அனைத்தையும் அவரும் எழுதலாம். பின்னால் மூன்றாண்டுச் சட்டம் படித்துக்கொள்ளலாம் என்று சொல்லிக் குற்றவியலில் சேர்வோர் உண்டு. அது முறையான வழிதான், ஆனால் ஓராண்டு கூடுதலாகிறது.

தமிழ்நாட்டில் சட்டப் படிப்புக்கான கதவும் ஒப்பீட்டளவில் அகலமானது. மதுரை, திருச்சி, கோவை, திருநெல்வேலி, செங்கல்பட்டு, வேலூர் முதலிய இடங்களில் உள்ள அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்கான சேர்க்கை, தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் வழியாகப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணின் அடிப்படையில் நடக்கிறது. திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் அகில இந்தியப் பொதுச் சட்ட நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். அங்கே கட்டணமும் பல மடங்கு கூடுதல். அரசு சட்டக் கல்லூரியின் கட்டணம், பல தனியார் கல்லூரிகள் குற்றவியல் இளநிலைக்கு வாங்கும் தொகையைவிடக் குறைவாக இருப்பதை அறியாமலேயே பெற்றோர் பலர் சட்டத்தைச் செலவு மிகுந்த படிப்பு என்று விலக்கிவிடுகிறார்கள். பதிவுக் கட்டணமும் முன்பு பெருஞ்சுமையாக இருந்தது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புக்குப் பிறகு, சட்டம் குறிப்பிடும் 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் வகுப்பினரிடமும் பழங்குடியினரிடமும் 125 ரூபாய்க்கு மேல், மாநில வழக்கறிஞர் மன்றங்கள் வசூலிக்க முடியாது.

சட்டத்தின் பலவீனம் பட்டத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் இருக்கிறது. குற்றவியல் நீதிமன்றங்களில் அரசுத் தரப்பில் வழக்காடும் அரசு உதவி வழக்கறிஞர் பணிக்குத் தேர்வாணையம் கேட்பது ஐந்தாண்டு நடைமுறை அனுபவம். அமர்வு நீதிமன்றத்தில் அரசுக் குற்றவியல் வழக்கறிஞராக நியமிக்கப்பட ஏழாண்டு வேண்டும். உரிமையியல் நீதிபதித் தேர்வை முன்பெல்லாம் புதிதாகப் பட்டம் பெற்றவரும் எழுத முடிந்தது; 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவத்தை மீண்டும் கட்டாயமாக்கியது. இந்த இடைப்பட்ட ஆண்டுகளில் மூத்த வழக்கறிஞரின் அலுவலகத்தில் சொற்பத் தொகைக்கு வேலை பார்ப்பது பழைய வழக்கம். சென்னை, மதுரை, கோவை ஆகிய நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும், பிற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாக இளம் வழக்கறிஞர்களுக்கு வழங்கப்பட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் உத்தரவிட்டது. உத்தரவு ஒருபுறம் இருக்க, மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் விசாரித்துப் பார்த்த பிறகே இத்தொகையை வீட்டு வரவு செலவுக் கணக்கில் சேர்ப்பது நல்லது. இருபத்து மூன்று வயதிலேயே குடும்பத்துக்குச் சம்பாதித்துக் கொடுக்க வேண்டிய நிலையில் உள்ளவருக்குச் சட்டம் கடினமான தேர்வு என்பதை மறைக்கக் கூடாது.

அதே வேளையில், குற்றவியல் நீதியில் அக்கறை கொண்டவர்களுக்குச் சட்டத்தின் உள்ளே புதிதாகத் திறந்திருக்கும் ஒரு வாய்ப்பு போதிய கவனம் பெறவில்லை. 2022ஆம் ஆண்டின் முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. அதாவது நான்கில் மூன்று பேருக்குத் தீர்ப்பே வரவில்லை. வழக்கறிஞரை அமர்த்த இயலாதவர்களுக்காகத் தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இப்போது முழுநேர ஊதியத்தில் சட்ட உதவி எதிர்வாத வழக்கறிஞர்களை மாவட்டந்தோறும் நியமிக்கிறது. தலைமை நிலைக்கு நீண்ட அனுபவம் தேவை. உதவி நிலைக்குத் தொழிலுக்குப் புதியவர்களையும் எடுத்துக்கொள்கிறார்கள். குற்றவியல் வகுப்பில் கோட்பாடாகப் படிக்கும் பிணை, வறுமை, நீண்ட காவல் ஆகியவற்றை ஒவ்வொரு நாளும் கையில் எடுக்கும் பணி இது. குற்றவியல் ஆர்வமும் சட்டப் பட்டமும் ஒருவரிடம் சேரும்போது அந்த ஆர்வத்துக்கு வேலை கிடைக்கும் இடம் என்று இதைச் சுட்டிக்காட்டலாம்.

தடய அறிவியலில் வேறு வகையான தவறு நடக்கிறது. தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்துவிட்டு, கையுறை அணிந்து நிகழ்விடத்துக்குச் சென்று குற்றவாளியையும் தானே பிடிக்கும் ஒருவரை மாணவர்கள் கற்பனை செய்துகொள்கிறார்கள். நம் நாட்டில் பிணக்கூறாய்வைச் செய்பவர் மருத்துவர். அதற்கு மருத்துவப் பட்டமும், சிறப்புத் தகுதிக்குச் சட்ட மருத்துவத்தில் முதுநிலையும் வேண்டும். புலனாய்வு செய்பவர் காவல் அலுவலர். தடய அறிவியலாளரின் இடம் பெரும்பாலும் ஆய்வகம். அங்கே உள்ளுறுப்புகளில் நஞ்சு உள்ளதா என்று பார்ப்பவர் வேதியியலாளர்; தோட்டாவும் துப்பாக்கியும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பவர் இயற்பியல் பின்னணி உடையவர்; இரத்தம், மரபணு ஆகியவை உயிரியல் பிரிவில். 1849இல் சென்னையில் தொடங்கப்பட்ட வேதியியல் பரிசோதகர் ஆய்வகம் இந்தியாவில் இவ்வகையில் முதலாவது. அதன் தொடர்ச்சியாக வளர்ந்த தமிழ்நாட்டுத் தடய அறிவியல் துறை மயிலாப்பூரில் தலைமையகத்தோடும் மாவட்டங்களில் வட்டார ஆய்வகங்களோடும் இயங்குகிறது. 1991இல் ராஜீவ் காந்தி படுகொலையில் பயன்பட்டது இடுப்புப் பட்டைக் குண்டு என்பதைச் சிதறிய தடயங்களிலிருந்து நிறுவிய பி. சந்திரசேகரன் இத்துறையின் இயக்குநராக இருந்தவர்.

இத்துறையின் இளநிலை அறிவியல் அலுவலர் பணிக்குத் தேர்வாணையம் வெளியிடும் அறிவிக்கைகள் பிரிவு வாரியாக முதுநிலை அறிவியல் பட்டத்தைக் கேட்கின்றன. இதிலிருந்து தெளிவான ஓர் அறிவுரை பிறக்கிறது: இளநிலையில் வேதியியல், இயற்பியல், உயிரியல், கணினி அறிவியல் ஆகியவற்றுள் ஒன்றைப் படித்துவிட்டு முதுநிலையில் தடய அறிவியலுக்கு வருவது, இளநிலையிலேயே தடய அறிவியலை எடுப்பதைவிடப் பாதுகாப்பானது. வேதியியல் பட்டதாரிக்குத் தடய ஆய்வகம் கிடைக்காவிட்டாலும் மருந்து நிறுவனமும் உணவுப் பரிசோதனைக் கூடமும் ஆசிரியப் பணியும் இருக்கின்றன. இளநிலைத் தடய அறிவியல் மாணவர் எல்லாவற்றையும் சிறிது சிறிதாகப் படித்திருப்பார். வேறு துறையின் வாசலில் அந்தச் சிறிது போதுமானதாக இருப்பதில்லை. குஜராத்தில் 2009இல் மாநிலப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி 2020இல் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனத்தில் இடம் கிடைப்பவர்களுக்கு மட்டும் இந்த எச்சரிக்கையைத் தளர்த்தலாம்.

தேவை பெருகும் என்பதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176ஆம் பிரிவு, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் நிகழ்விடத்துக்குச் சென்று சான்றுகளைச் சேகரிப்பதைக் கட்டாயமாக்குகிறது. இதைச் செயற்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு வரை அவகாசம் தரப்பட்டிருக்கிறது. இப்போது பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பவர் முதுநிலை முடிக்கும் காலம் அந்த அவகாசம் முடிந்து சில ஆண்டுகளுக்குள் வருகிறது. மின்னணுச் சான்றுகளின் பெருக்கத்தால் கணினித் தடயவியலுக்கும் இதே நிலைதான். சென்னைப் பல்கலைக்கழகம் இணையத் தடயவியலிலும் தகவல் பாதுகாப்பிலும் முதுநிலை அறிவியல் படிப்பு நடத்துகிறது. அரசு ஆய்வகம் கிடைக்காதவரைத் தகவல் பாதுகாப்பு நிறுவனங்கள் ஏற்றுக்கொள்வதால், நான்கு வழிகளிலும் கைவிடப்படும் அச்சம் குறைவானது இதுவே என்று நினைக்கிறேன். ஆனால் கணக்கிலும் நிரலெழுதுவதிலும் மனம் ஒட்டாதவர் வேலைவாய்ப்பை மட்டும் பார்த்து இதில் விழக் கூடாது.

சமூகப் பணியைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. அதன் பலமும் பலவீனமும் வெளிப்படையானவை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, ஒருங்கிணைந்த சேவை மையம், சிறார் இல்லம், சிறை நலப்பணி ஆகியவற்றின் அறிவிக்கைகளில் சமூகப் பணி முதுநிலை தவறாமல் இடம்பெறுகிறது. குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் கீழ்ப் பாதுகாப்பு அலுவலர் பணிக்கு அது ஏற்புடைய தகுதி. சட்டம் மற்றும் நன்னடத்தை அலுவலர் பணிக்கு மட்டும் சட்டப் பட்டம் கேட்கிறார்கள். ஆனால் இவை பெரும்பாலும் ஒப்பந்தப் பணிகள். பாதுகாப்பு அலுவலருக்கான தொகுப்பூதியம் மாதம் 27,804 ரூபாய் என்று மாவட்ட விளம்பரங்கள் குறிப்பிடுகின்றன. பொறுப்பின் எடைக்கு அந்தத் தொகை மிகக் குறைவு. மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் குற்றவியலையும் நீதியையும் சிறப்புப் பாடமாகக் கொண்டு சமூகப் பணி முதுநிலை படிப்போருக்கு இந்த வழி சற்று அகலமாகிறது. சிறைகளிலும் காவல் நிலையங்களிலும் நேரடியாகப் பணியாற்ற அந்நிறுவனம் 1990இல் தொடங்கிய பிரயாஸ் திட்டம் இந்தியாவில் இத்தகைய பணிக்கு முன்மாதிரி. மனிதர்களோடு நேரடியாகப் பழகும் பணியே வேண்டும், ஊதியம் இரண்டாம் இடம் என்று தெளிவாகச் சொல்ல முடிகிறவருக்குச் சட்டத்தைவிடவும் இது பொருந்தும்.

வெளிநாட்டில் குற்றவியல் நீதியில் முதுநிலை படிப்பதைப் பற்றியும் அண்மைக் காலத்தில் கேட்கிறார்கள். அமெரிக்காவில் இப்படிப்பு மிகப் பரவலானது. ஆனால் அங்கே அது கொண்டு சேர்க்கும் காவல், கூட்டாட்சிப் புலனாய்வு, சிறை ஆகிய பணிகள் பெரும்பாலும் அந்நாட்டுக் குடிமக்களுக்கானவை. அறிவியல் தொழில்நுட்பப் பிரிவாகக் கருதப்படும் படிப்புகளுக்கு ஓராண்டுப் பணி அனுமதிக்கு மேல் இரண்டாண்டு நீட்டிப்பு உண்டு. தடய அறிவியலும் கணினித் தடயவியலும் அந்தப் பட்டியலில் வருகின்றன, பொதுவான குற்றவியல் நீதி வருவதில்லை. கல்விக் கடன் வாங்கிச் செல்பவர் இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே இருமுறை யோசிக்க வேண்டும்.

ஆக, பதினேழு வயது மாணவருக்கு என் வரிசை இது: நீதிமன்றத்தில் பேச விரும்பினால் சட்டம், ஆய்வகம் என்றால் அடிப்படை அறிவியலும் அதன்மேல் தடய அறிவியலும், சீருடை என்றால் நன்றாக மதிப்பெண் வாங்கக்கூடிய எந்தப் பட்டமும், இவற்றில் எதையும் படித்த பிறகு, ஆய்வு நாட்டம் மிஞ்சியிருந்தால் முதுநிலையில் குற்றவியல். சென்னையிலும் திருநெல்வேலியிலும் உள்ள பல்கலைக்கழகத் துறைகள் வேறு பாடத்திலிருந்து வருவோரையும் முதுநிலையில் சேர்த்துக்கொள்கின்றன என்பதால் இளநிலையில் அதைத் தவறவிட்டவருக்குப் பெரிய இழப்பில்லை. சட்டமோ உளவியலோ புள்ளியியலோ கையில் வைத்திருப்பவர் செய்யும் குற்றவியல் ஆய்வு ஆழமாகவும் இருக்கிறது.

இந்த வரிசைக்கு ஒரு பெரிய விலக்கு உண்டு; அவர்கள் ஏற்கெனவே பணியில் இருக்கும் காவலர்கள். பன்னிரண்டாம் வகுப்போடு இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்த ஒருவருக்கு, உதவி ஆய்வாளர் பணியிடங்களில் 20 விழுக்காடு துறை ஒதுக்கீடாக இருக்கிறது. அதற்குப் பட்டம் வேண்டும். துறை விண்ணப்பதாரர்களின் எழுத்துத் தேர்வில் குற்றவியல் சட்டங்கள், சாட்சியச் சட்டம், காவல் நிலை ஆணைகள், காவல் நிர்வாகம் ஆகியவை கேட்கப்படுகின்றன. அவர் பணி நேரம் போக எஞ்சும் இரவுகளில் தொலைநிலைக் கல்வி வழியாகக் குற்றவியலும் காவல் நிர்வாகமும் படிக்கும்போது, பட்டத்துக்கான படிப்பும் தேர்வுக்கான படிப்பும் பெரும்பகுதி ஒன்றாகிவிடுகின்றன. நிலையத்தில் அன்றாடம் எழுதும் முதல் தகவல் அறிக்கைக்குப் பின்னால் உள்ள சட்டமும் விளங்குகிறது. வேறு எந்த இளநிலைப் பட்டத்தைவிடவும் அவருக்கு இதுவே ஏற்றது.

அவர் கவனிக்க வேண்டியவை இரண்டு. அப்படிப்பை நடத்தும் நிறுவனம் தொலைநிலைக் கல்விக்கு அந்தக் கல்வியாண்டில் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஏற்பு பெற்றிருக்கிறதா என்பதைக் குழுவின் இணையதளப் பட்டியலில் கட்டணம் செலுத்தும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். பாடநூல்கள் 2024இல் நடைமுறைக்கு வந்த மூன்று புதிய குற்றவியல் சட்டங்களுக்கு மாற்றப்பட்டிருக்கின்றனவா என்றும் கேட்க வேண்டும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பழைய பிரிவு எண்களை வைத்தே இன்னும் பாடம் நடத்தும் இடத்தில் சேர்ந்தால், பணியில் ஓர் எண்ணும் தேர்வில் மற்றோர் எண்ணும் எழுதிக்கொண்டிருக்க நேரும்.